கார்டுக்கும் கார்டுக்கும் என்ன வித்தியாசம்?

கேள்வி இதுதான். கடலூர் முதுநகரில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த ஒரு தம்பி, இப்போது புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையில் சேர்ந்திருக்கிறார். டெல்லியிலிருந்து வந்த விருந்தினர் வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்க, வாசல் காவலாளியைக் கேளுங்கள் என்ற பொருளில் 'ஆஸ்க் த கார்ட்' என்று சொல்லியிருக்கிறார். வந்தவர் பர்ஸிலிருந்து கிரெடிட் கார்டை எடுத்து நீட்டிவிட்டாராம். கூட வேலை செய்கிறவர்கள் ஒரு வாரமாக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒரே மாதிரி ஒலிக்கிற இங்கிலீஷ் சொற்களை எப்படிப் பிரித்துச் சொல்வது, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவன் நான். ஓய்வுக்குப் பிறகு உங்களைப் போல ஓட்டல் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் நாக்கில் கோளாறு எதுவும் இல்லை. ஒரு தாளை எடுத்து 'கார்டு' என்று எழுதிப் பாருங்கள். பணம் கட்டத் தேய்க்கிற கார்டும் அதுதான், வாசலில் தொப்பி போட்டு நிற்கிற கார்டும் அதுதான். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே சட்டை. 'கோல்டு' என்பது நகைக்கடையில் தங்கம், ஜூஸ் கடையில் சில்லென்று இருப்பது, மழைக்காலத்தில் மூக்கடைப்பு. 'பீஸ்' என்றால் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுவது, பிரியாணியில் தேடுவது, இரண்டு நாடுகள் கைகுலுக்கிப் பேசுவது. 'பேன்' தலைக்கு மேலே சுற்றினால் மின்விசிறி, தலைக்குள் ஓடினால் சீப்பைத் தேட வேண்டும்.

இத்தனை வருடம் இந்த எழுத்து வழியாகவே ஆங்கிலச் சொல்லைப் பார்த்த காது, எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறது. காதுக்கு வித்தியாசம் தெரியாத வரை நாக்குக்கும் தெரியாது. அதனால் டப்பாவைத் திறப்பதுதான் முதல் வேலை.

திறப்பதற்கு முன்னால் அதிலிருந்து பாதியைத் தூக்கி எறிந்துவிடலாம். கல்லூரி முதல்வரைக் குறிக்கிற பிரின்சிபலும், கொள்கையைக் குறிக்கிற பிரின்சிபிளும் ஆங்கிலத்தில் ஒரே ஒலிதான். இட்லிக்கு அரைக்காத மைதா மாவும், மார்க்கெட்டில் முழம் போட்டு விற்கிற பூவும் ஒரே ஒலி. வாரமும் பலவீனமும் வீக். காசோலையும் சரிபார்ப்பதும் செக். எஃகும் திருட்டும் ஸ்டீல். நகராமல் நிற்கிற ஸ்டேஷனரியும் நோட்டு பேனா விற்கிற ஸ்டேஷனரியும் ஒன்றே. இவை எழுத்துப் பிழைக்குக் காரணமாகலாம், பேச்சில் பிரச்சினையே இல்லை. ஆனால் ஒரு பயிற்சி வகுப்பில், முதல்வருக்கு 'பால்' என்று நீட்டு, கொள்கைக்கு 'பிள்' என்று சுருக்கு என்று சொல்லிக்கொடுத்ததை என் காதால் கேட்டேன். இல்லாத வித்தியாசத்தை உண்டாக்க உழைக்கிறார்கள். இருக்கிற வித்தியாசத்தைத் தொடுவதில்லை.

இருக்கிற வித்தியாசத்துக்கு வருவோம். இதற்கு ஒரு பாம்பு தேவைப்படுகிறது.

'பாம்பு' என்று சத்தமாகச் சொல்லுங்கள். இரண்டு முறை ப வருகிறது. முதல் ப-வும் இரண்டாவது ப-வும் ஒரே ஒலியா? தொண்டைக் குமிழில் விரல் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் ப-வை உதடு திறந்து விடும்போது தொண்டை சும்மா இருக்கும், அதிர்வு அடுத்து வரும் ஆ-வில்தான் தொடங்கும். 'ம்பு' வரும்போது அதிர்வு விடாமல் ஓடும். ஆங்கிலக்காரனுக்கு இவை இரண்டு தனித்தனி எழுத்துகள்: முதலாவது பி, பஸ்ஸுக்கு வருகிற பி இல்லை, பேப்பருக்கு வருகிற பி. இரண்டாவதுதான் பஸ்ஸுக்கு வருவது. தமிழுக்கு இரண்டு எழுத்து தேவைப்படவில்லை, ஏனென்றால் ஒலி இடத்தைப் பொறுத்துத் தானாக மாறிக்கொள்கிறது. சொல்லின் தொடக்கத்தில் வல்லினம் வன்மையாக இருக்கும். இரட்டித்து வந்தாலும் வன்மை. தன் இன மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் குழையும். தங்கம், பஞ்சு, வண்டி, பந்து, பாம்பு: ஐந்திலும் நடுவில் உள்ள வல்லினம் அதிர்கிறது. நாம் யாரும் இதைக் கற்றுக்கொள்ளவில்லை, பால் குடிக்கும் வயதிலேயே நாக்கில் ஏறிவிட்டது.

இந்த விதி ஆங்கிலத்தில் நம்மை இரண்டு இடத்தில் மாட்டிவிடுகிறது.

ஒன்று, சொல் தொடக்கம். காவலாளி கார்டு அதிர்ந்து தொடங்க வேண்டும். தமிழ் நாக்கு சொல் முதலில் அதிர்வதில்லை என்ற பழக்கத்தில் வன்மையாகச் சொல்லிவிடுகிறது. டெல்லிக்காரருக்கு இந்தியில் இந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு, அதனால் அவர் காதில் நீங்கள் சொன்னது சந்தேகமில்லாமல் பணம் கட்டுகிற கார்டு. பர்ஸைத் திறந்தது அவர் தப்பில்லை. மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறது. 'தங்கம்' என்று சொல்லுங்கள். 'தங்' என்பதை மனதுக்குள் வைத்துக்கொண்டு 'கம்' மட்டும் வெளியே விடுங்கள். அந்தக் க-தான் காவலாளியின் க. அதே க-வை வைத்து கார்ட் என்று முடியுங்கள். தொடக்கத்தில் வராவிட்டால் முதலில் 'ங்கார்ட்' என்றே சொல்லிப் பழகலாம், இரண்டு நாளில் ங் உதிர்ந்துவிடும். 'பேர்' என்று ஒன்றாகிவிடுகிற கரடிக்கும் பேரிக்காய்க்கும் 'பாம்பு' வைத்து இதே வைத்தியம்தான்.

இரண்டாவது இடம் சொல் நடுவில். இதுதான் ரொம்பப் பேர் கவனிக்காதது. தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்துகிற ஆங்கரும், கோபத்தைக் குறிக்கிற ஆங்கரும் தமிழில் ஒரே எழுத்து. என்னிடம் படித்த ஒரு பெண், எதிர்காலத்தில் என்னவாக ஆசை என்று கேட்ட இன்டர்வியூவில், 'ஐ வாண்ட் டு பி அன் ஆங்கர்' என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். கேட்டவருக்குக் காதில் விழுந்தது, நான் ஒரு கோபமாக ஆக விரும்புகிறேன் என்று. கடலூர்த் துறைமுகத்துப் படகில் போடுகிற நங்கூரமும் அதே ஆங்கர்தான், தொலைக்காட்சிக்கு அந்தப் பெயர் அங்கிருந்துதான் போனது. நங்கூரத்தில் க வன்மை. கோபத்தில் க மென்மை. நம் நாக்கோ ங்-குக்குப் பின்னால் வருகிற எல்லா க-வையும் தங்கத்தில் வருகிற க-வாக ஆக்கிவிடுகிறது.

அதே கூட்டத்தில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். கணுக்காலும் கணக்குப் பாடத்துக் கோணமும் 'ஆங்கிள்' என்று ஒன்றாகிவிடுகின்றன. கணுக்கால் வலிக்கிறது என்று சொல்ல வந்தவர், என் கோணம் வலிக்கிறது என்கிறார். மாமா, சித்தப்பா எல்லாரையும் கூப்பிடுகிற அங்கிள் கூட உண்மையில் வன்மையான க. நாம் கூப்பிடுகிற மாதிரி ஆங்கிலக்காரன் கூப்பிடுவதில்லை. எளிமையைக் குறிக்கிற சிம்பிளும், சின்னத்தைக் குறிக்கிற சிம்பலும் அடுத்த ஜோடி. இதில் கடைசி உயிரை மாற்றி எழுதிச் சமாளிக்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் அந்தக் கடைசி உயிர் இரண்டிலும் ஒன்றுதான், வித்தியாசம் ப-வில் இருக்கிறது.

சரி செய்வது எப்படி? நங்கூரத்தை 'ஆங்' என்று நிறுத்துங்கள். ஒரு மூச்சு இடைவெளி. பிறகு கரும்பில் வருகிற 'கர்'. ஆங், கர். ஆங், கர். இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எழுத வேண்டுமானால் 'ஆங்க்கர்' என்று ஒரு க் சேர்த்து எழுதி வையுங்கள், இரட்டித்தால் வன்மை என்பது நம் விதிதானே. பேப்பரை ஒற்றை ப் போடாமல் 'பேப்பர்' என்று எழுத நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்தச் சாமர்த்தியத்தை இங்கேயும் காட்ட வேண்டியதுதான்.

அடுத்தது சொல்லின் வால். தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. அதனால்தான் ஆங்கிலச் சொல் அப்படி முடிந்தால் ஒரு குட்டி உகரத்தை ஒட்டிவிடுகிறோம்: பேக்கு, ரோடு, புக்கு, கப்பு. வீட்டில் அப்படியே பேசுங்கள், அதில் குறையில்லை. ஆனால் மேசைக்குப் பின்னால் நிற்கும்போது வாலைக் கத்தரித்தால் வேறொரு சிக்கல் வருகிறது: முதுகும் பையும் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டும் பேக். முதுகு வலிக்கிறது என்றால் பையை வாங்கி வைக்க ஓடுகிறோம்.

இங்கே ஒரு ரகசியம் இருக்கிறது, பாடப் புத்தகங்களில் அதிகம் சொல்வதில்லை. ஆங்கிலக்காரன் காது கடைசி மெய்யை மட்டும் கேட்டு முதுகையும் பையையும் பிரிப்பதில்லை. அதற்கு முன்னால் வரும் உயிரின் நீளத்தையும் கேட்கிறது. கடைசி மெய் அதிர்கிற ஒலியாக இருந்தால் முன்னால் உள்ள உயிர் சற்று நீளும். வன்மையான ஒலியாக இருந்தால் உயிர் வெட்டுப்பட்ட மாதிரிக் குறுகும். முதுகு குட்டை, பை நெட்டை. இருக்கையைக் குறிக்கிற சீட் குட்டை, விதையைக் குறிக்கிற சீட் நெட்டை. விலையைக் குறிக்கிற ப்ரைஸ் குட்டை, பரிசைக் குறிக்கிற ப்ரைஸ் நெட்டை. ஐஸ் குட்டை, கண்கள் நெட்டை. குறில் நெடில் என்று இரண்டாம் வகுப்பிலிருந்து தட்டித் தட்டிப் படித்த நமக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? கடைசி ஒலி கொஞ்சம் பிசகினாலும் நீளத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டால் எதிரே நிற்பவருக்குப் புரிந்துவிடும்.

பரிசிலும் கண்களிலும் கடைசியில் வருகிற ஒலி ஸ் இல்லை, ஜ்-யும் இல்லை. பாம்பு சீறுகிற ஸ்-ஸை இழுத்துக்கொண்டே தொண்டையை அதிரவிட்டால் வண்டு ரீங்காரம் வரும், அதுதான். 'லூஸ்' என்பதில் இந்த ஒரு வித்தியாசம்தான் இருக்கிறது. தொளதொளவென்று இருப்பது சீறல், தொலைப்பது ரீங்காரம். எழுதும்போது தொலைப்பதற்கும் இரண்டு ஓ போடுகிறவர்களைப் பட்டம் வாங்கியவர்களிலேயே நிறையப் பார்க்கிறேன்.

சரி, இப்போது ஜன்னலோர இருக்கை. நீங்கள் தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவராக இருந்தால், புதுச்சேரி எல்லையில் முள்ளோடை தாண்டியதும் இரண்டு பக்கமும் என்ன பலகைகள் தொங்குகின்றன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'ஒயின் ஷாப்'. குடிக்கச் சொல்லவில்லை, எழுத்தைப் பார்க்கச் சொல்கிறேன். ஏன் 'வைன்' என்று எழுதாமல் 'ஒயின்' என்று எழுதினார்கள்? ஒயிட், ஒயர் இவற்றையும் ஏன் ஒ-வில் தொடங்கினார்கள்? அந்த எழுத்தை எழுதிய முன்னோர் யாரோ, டபிள்யூ-வில் உதடு குவிகிறது என்பதைக் காதால் சரியாகப் பிடித்திருக்கிறார். பழைய பெயர்ப்பலகை ஓவியர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

டபிள்யூ-வுக்கு உதடு குவிய வேண்டும், பல் எங்கும் படக்கூடாது. வி-க்கு மேல் பல் கீழ் உதட்டில் படவேண்டும். தொல்காப்பியத்துப் பிறப்பியலில், வகாரம் பல்லும் இதழும் சேர்ந்து பிறக்கிறது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உ, ஊ, ஒ, ஓ, ஔ இதழ் குவியப் பிறப்பவை என்றும் இருக்கிறது. ஆக வி என்பது தொல்காப்பியர் சொன்ன வகாரம், டபிள்யூ என்பது ஒயின் கடை ஒகரம். இன்றைய பேச்சில் நம் வ இரண்டுக்கும் நடுவே சோம்பலாக நிற்கிறது, அதனால்தான் மேற்கும் பனியனும் 'வெஸ்ட்' என்று ஒன்றாகிவிடுகின்றன. கண்ணாடி முன் நின்று பழகுங்கள். திராட்சைக் கொடிக்குப் பல் தெரிய வேண்டும், திராட்சை ரசத்துக்கு உதடு குவிய வேண்டும். நீங்கள் வேலை செய்கிற ஓட்டல் ஒயிட் டவுனில் இருந்தால் ஒரு நாளைக்கு நூறு முறை பயிற்சி இலவசம்.

இதோடு சேர்த்து ஒரு மாற்று மருந்து. எ-வில் தொடங்குகிற சொல்லுக்கு முன் ய் சேர்ப்பது நம் வழக்கம்: யெம்.ஏ., யெல்.ஐ.சி. அதைத் திருத்த வேண்டும் என்ற அவசரத்தில் சிலர் இருக்கிற ய்-யையும் விழுங்கிவிடுகிறார்கள். வருடம் காது ஆகிவிடுகிறது. 'லாஸ்ட் இயர்' என்று போன வருடத்தைச் சொன்னால் காதைத் தொலைத்த கதையாகிவிடும். நாக்கின் நடுப்பகுதியை மேலே தூக்கி 'ய்' என்று தொடங்கினால் வருடம் வந்துவிடும்.

வெளிநாட்டு விருந்தினர் விஷயம் தனி. ஒரு பஸ் டிக்கெட்டை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு 'பேனா' என்று சொல்லுங்கள். டிக்கெட் அவ்வளவாக அசையாது. லண்டன்காரர் அவருடைய பேனாவைச் சொன்னால் டிக்கெட் படபடக்கும். சொல் தொடக்கத்தில் வருகிற பி, டி, கே மூன்றிலும் அவர்கள் ஒரு காற்றைச் சேர்த்து விடுகிறார்கள். அந்தக் காற்று இல்லாவிட்டால் அவர்கள் காதுக்கு அது அதிர்கிற ஒலி மாதிரிக் கேட்கும். நீங்கள் கோட்டு என்று சொன்னது அவருக்கு ஆடாகக் கேட்கலாம். வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுக்காரருக்கு இந்தக் காற்று தேவையில்லை, அவர்கள் மொழியிலும் ப நம் ப மாதிரியே காற்றில்லாதது. ஆக டெல்லிக்காரர், பாரிஸ்காரர், லண்டன்காரர் மூவரும் ஒரே மேசைக்கு முன் நின்றாலும் மூன்று காது. லண்டன்காரர் வந்தால் கொஞ்சம் ஊதுங்கள். டெல்லிக்காரரிடம் ரொம்ப ஊதாதீர்கள், அவர் மொழியில் ஊதின க-வும் ஊதாத க-வும் வேறு வேறு எழுத்து.

ஓட்டல் வேலைக்கென்றே ஒரு கண்ணிவெடி வயல் உண்டு: பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்கள். பெரிய அறைத்தொகுதிக்கு எஸ், யூ, ஐ, டி, ஈ என்று எழுதி வைத்திருப்பார்கள். அதை 'சூட்' என்று படிக்கக்கூடாது, அது கல்யாண மாப்பிள்ளை போடுவது. தின்கிற ஸ்வீட் எப்படியோ அப்படியே அதையும் சொல்ல வேண்டும். பூங்கொத்து பொக்கே, தண்ணீர் பிடிப்பது பக்கெட். விருந்தினருக்குப் பிறந்தநாள் என்று பூங்கொத்தை மேலே அனுப்பச் சொன்னதும், வீட்டுப் பராமரிப்புப் பையன் பிளாஸ்டிக் வாளியோடு படியேறினதை நானே பார்த்திருக்கிறேன். பஃபே சாப்பாட்டிலும் கடைசி டி ஊமை. புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிதில்லை. 1963-இல் முதல்வரான எதுவார் கூபேரின் பெயரிலும் கடைசி எழுத்து டி-தான், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உழவர்கரையை பிரெஞ்சுக்காரர்கள் எழுதினதிலும் கடைசியில் ஒரு ஊமை டி உட்கார்ந்திருக்கிறது.

இந்த ஊமைக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது என்.சி.சி. 1948-இல் தொடங்கின அமைப்பு, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இருக்கிறது. அதன் கடைசி 'சி' படைப்பிரிவைக் குறிக்கிற சொல். அதை 'கோர்' என்று சொல்ல வேண்டும், பி-யும் எஸ்-ஸும் ஊமை. நம் பிள்ளைகள் எழுத்தைப் பார்த்து 'கார்ப்ஸ்' என்று முழங்குகிறார்கள். கார்ப்ஸ் என்றால் பிணம். குடியரசு தின மேடையில், தேசிய மாணவர் பிணத்தைச் சேர்ந்த நாங்கள் என்று ஒரு பையன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னபோது நான் கீழே உட்கார்ந்திருந்தேன். மேடையில் இருந்த பெரியவர்களும் தலையாட்டினார்கள்.

ரசீதும் இப்படித்தான். அதில் உள்ள பி-யை யாரும் ஒலிப்பதில்லை. லத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று பிற்காலப் பண்டிதர்கள் எழுத்தில் மட்டும் செருகினது. சமையல் குறிப்பைச் சொல்கிற ரெசிபியில் அதே பி ஒலிக்கும், கடைசி ஈ-யும் ஒலிக்கும். இரண்டும் ஒரே லத்தீன் வேரில் பிறந்த அக்கா தங்கை. ரெசிபி என்றால் 'எடுத்துக்கொள்' என்று பொருள். ஒரு காலத்தில் வைத்தியர்கள் மருந்துச் சீட்டின் தலையில் எழுதின சொல், பிறகு அடுப்படிக்கு வந்துவிட்டது. மீன் குழம்பு எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டவரிடம் பில்லை நீட்டாமல் இருக்க இது உதவும்.

எழுத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் ஊர்ப் பெயரே சாட்சி. ஆறுகள் கூடுகிற இடம் என்பதால் கூடலூர் என்பார்கள். ஆங்கிலேயர் அதை இரண்டு டி போட்டு, வாலில் 'லோர்' ஒட்டி எழுதினார்கள். இன்று வெளியூர்க்காரர் வாயில் அது 'கட்டலோர்'. பெங்களூருக்கும் மங்களூருக்கும் ஒட்டினது இதே 'லோர்'தான். நம் ஊர் எல்லாம் அவர்களுக்கு லோர்.

எண்கள் விஷயத்தில் உச்சரிப்பை நம்பவே நம்பாதீர்கள். பதின்மூன்றும் முப்பதும், பதினைந்தும் ஐம்பதும் ஆங்கிலத்தை வீட்டில் பேசுகிறவர்களுக்கே தொலைபேசியில் குழம்பும். பொது விதி, பதின்மூன்றில் பின்பாதி அழுத்தி நீளும், முப்பதில் முன்பாதி அழுந்திப் பின்பாதி குறுகும். ஆனால் 'பதின்மூன்று அறைகள்' என்று அடுத்து ஒரு சொல் வந்துவிட்டால் அழுத்தம் முன்னால் நகர்ந்துவிடும். அப்புறம் கடைசி ன் காதில் விழுந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால் 'தர்ட்டீன், ஒன் த்ரீ' என்று இலக்கத்தையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். அறை வாடகை சொல்லும்போது இது கட்டாயம்.

உயிரெழுத்தில் நமக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. கப்பலும் செம்மறியாடும் இ, ஈ என்று நமக்குச் சுலபமாகப் பிரியும், பிரெஞ்சுக்காரர் அதில்தான் திண்டாடுவார். அவர்கள் மொழியில் இரண்டும் ஒரே இ. கடற்கரையைக் குறிலாகச் சொன்னால் கெட்ட வார்த்தை ஆகிவிடும், படுக்கை விரிப்பும் அப்படித்தான், நீங்கள் நெடிலை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். நமக்குப் பாடாய்ப் படுத்துவது எ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவே உள்ள ஒன்று. கட்டில் மெத்தை 'பெட்', மோசமானது அந்த நடு ஒலி. பேனாவும் வாணலியும் அப்படியே. பற்களுக்கு நடுவே ஒரு விரல் நுழைகிற அளவு வாயைத் திறந்தால் மெத்தை, இரண்டு விரல் அளவு திறந்து கன்னத்தைப் பக்கவாட்டில் இழுத்தால் மோசம். இதைச் சரி செய்யாமல் 'பேட் ரூம்' என்று படுக்கையறையைக் காட்டினால் வந்தவர் முகம் மாறத்தான் செய்யும். சூப் ஊற்றுகிற கிண்ணத்தை 'பவுல்' என்கிறார்கள், அது வேண்டாம். நிலக்கரியைச் சொல்கிற கோல் எப்படியோ அதே ஓசையில் போல்.

மூன்றையும் மரத்தையும் த்ரீ, ட்ரீ என்று நாம் பிரிப்பது ஆங்கிலக்காரன் முறை இல்லை. ஆனாலும் தெளிவாகப் பிரிகிறது, இந்தியா முழுக்கப் புரிகிறது, அதற்காக நேரம் செலவழிக்காதீர்கள். சேரும் ஷேரும் மட்டும் பாருங்கள். 'சேர் ஆட்டோ' என்றால் நாற்காலி ஆட்டோ.

பழகும் முறை. ஒரு வாரத்துக்கு இரண்டே ஜோடி, அதற்கு மேல் வேண்டாம். முதல் மூன்று நாள் சொல்லவே சொல்லாதீர்கள், கேளுங்கள். கைபேசி அகராதியில் ஒலிபெருக்கிக் குறியை அழுத்தி, நண்பரைத் திரையை மறைத்துக்கொண்டு இரண்டில் ஒன்றைப் போடச் சொல்லி, எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். பத்துக்கு ஒன்பது சரியான பிறகு வாயைத் திறக்கலாம். அப்போது வாய்ஸ் டைப்பிங்கை ஆங்கிலத்தில் வைத்து ஒற்றைச் சொல்லாகச் சொல்லுங்கள். வாக்கியமாகச் சொன்னால் அது இடம் பார்த்து ஊகித்துத் தானே திருத்திக்கொள்ளும், உங்கள் பிழை தெரியாது. முதல் வாரம் கார்டு இரண்டும், நங்கூரமும் கோபமும். மானத்தைக் காப்பாற்றும் ஜோடிகள் அவை.

கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பதாகச் சொன்னீர்கள். சில வருடம் முன்பு மிஷன் வீதிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். வெயிலில் சிவந்துபோன ஒரு பிரெஞ்சுக்காரர் உள்ளே வந்து, பரிமாறுகிற பையனிடம் 'ஐ ஆம் வெரி ஆங்ரி' என்றார். பையன் மிரண்டுபோய் ஒரு அடி பின்வாங்கி, 'சாரி சார், சாரி சார்' என்று கல்லாவைப் பார்த்தான். அவர் இன்னும் சத்தமாக, 'வெரி, வெரி ஆங்ரி' என்றார். பிரெஞ்சில் ஹ-வை ஒலிக்க மாட்டார்கள். பசியின் ஹ உதிர்ந்ததும் மிச்சம் இருந்தது கோபம். கல்லாவில் இருந்த பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு எழுந்து வந்து தானே ஒரு இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார்.